திமிர் பிடித்த குதிரை என்று நினைக்கும் முன்: வேலந்தாவளம் தம்பிக்கு ஒரு விரிவான பதில்

தம்பி கேட்டது இதுதான். தமிழ்நாடு கேரள எல்லையில் வேலந்தாவளம் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்குப் போய், மூன்றரை வயது கத்தியவார் இன ஆண்குதிரை ஒன்றை வாங்கி வந்திருக்கிறார். சந்தையில் ஒரு சின்னப் பையன் ஏறி ஓட்டிக் காட்டியபோது சாதுவாக இருந்தது. வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் கடிக்கிறது, ஏறினால் முன்னங்காலைத் தூக்கி நிற்கிறது, தோப்பு வாசலைத் தாண்ட மாட்டேன் என்கிறது, எப்படியோ தாண்டிப் போய்த் திரும்பினால் சாளை (தோட்டத்து வீடு) வரை கைக்கு அடங்காமல் ஓடி வருகிறது. இவருக்கும் சவாரி புதுசு. இதன் திமிரை எப்படி அடக்குவது, அடுத்த தத்தமங்கலம் ‘வேலை’யில், அதாவது கோயில் திருவிழாவில், நடக்கும் குதிரையோட்டத்துக்குள் பழகிவிட முடியுமா என்று கேட்கிறார்.

தம்பி, முதலில் இறங்குங்கள். கொஞ்ச நாளைக்கு அந்தக் குதிரை மேல் ஏறவே வேண்டாம். உங்களுக்குச் சவாரி தெரியாது, அதற்கு ஆளைச் சுமக்கத் தெரியாது. இரண்டு பேருக்கும் தெரியாத ஒன்றை ஒருவருக்கொருவர் சொல்லித்தர வழியே இல்லை. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இளங்குதிரையால் கை கால் உடைத்துக்கொண்டவர்களில் நான் பார்த்த பெரும்பாலோர், ஆளும் புதுசு குதிரையும் புதுசு என்ற ஜோடிதான். அதனால் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நீங்கள் சவாரி கற்பது பத்துப் பன்னிரண்டு வயதான, எல்லாம் பார்த்துச் சலித்த ஒரு குதிரையில். உங்கள் குட்டி கற்பது தரையில் நிற்கும் உங்களிடம். இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கலாம், ஆனால் ஒன்றோடு ஒன்று கலக்கக் கூடாது.

சந்தையில் சாதுவாக இருந்ததே என்கிறீர்கள். எந்தச் சந்தையானாலும் இது நடப்பதுதான். மாணிக்கவாசகர் கதையில் பரியாக வந்தவை இரவோடு இரவாக நரியான மாதிரி, வாங்கியவர் எல்லோரும் முதல் வாரத்தில் இதையே சொல்வார்கள். நாள் கணக்கில் லாரியில் நின்று, தூக்கமில்லாமல், வெயிலில், சரியாகத் தண்ணீர் குடிக்காமல் வந்த குதிரை சோர்ந்துதான் நிற்கும். விற்பதற்கு முன் நன்றாக ஓடவிட்டுக் களைக்க வைப்பதும் உண்டு, மயக்க ஊசி போடுகிறவர்களும் உண்டு. உங்கள் வீட்டில் வயிறு நிறைந்து, களைப்பு தீர்ந்த பிறகு நீங்கள் பார்ப்பதுதான் அதன் உண்மையான சுபாவம். சுழி (உடம்பில் மயிர் சுழித்திருக்கும் இடம்) பார்த்துத்தான் வாங்கினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சுழியை நம்புகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, திரும்ப விற்கும்போது அதற்கு விலை உண்டு. ஆனால் குதிரை வாங்கும்போது முதலில் கால், அப்புறம் வாய், அப்புறம் முதுகு, கடைசியில் சுழி என்ற வரிசையில்தான் பார்க்க வேண்டும்.

வாய் என்று சொன்னேன் இல்லையா, அங்கேதான் உங்கள் விஷயத்தில் எனக்குப் பெரிய சந்தேகம். குதிரைக்கு முன்பக்கத்துப் பால்பற்கள் நடுவிலிருந்து தொடங்கி இரண்டரை, மூன்றரை, நாலரை வயதில் ஜோடி ஜோடியாக மாறும். இதே காலத்தில் உள்ளே கடைவாய்ப் பக்கமும் பால்பற்கள் தொப்பி மாதிரி கழன்று விழும். சில சமயம் பாதி கழன்று அப்படியே மாட்டிக்கொண்டு நிற்கும். இது போதாதென்று பல குதிரைகளுக்கு மேல்தாடையில், கடைவாய்ப் பற்களுக்கு முன்னால், ஓநாய்ப்பல் என்ற சின்னப் பல் ஒன்று இருக்கும். கடிவாளத்தின் இரும்பு வந்து உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலேயே அது இருக்கிறது. அந்த இடத்தில் வலி உள்ள குதிரையின் வாரை (கடிவாளத்தில் கட்டிக் கையில் பிடிக்கும் பட்டையை) இழுத்தால் தலையைத் தூக்கும், இன்னும் இழுத்தால் முன்னங்காலையும் தூக்கும். அதற்கு வேறு வழி தெரியாது. ஆகவே ஒரு கால்நடை மருத்துவரை வரவழைத்து வாயைத் திறந்து கடைசிப் பல் வரை பார்க்கச் சொல்லுங்கள். உள்ளூர் டாக்டர் மாட்டு வைத்தியம் மட்டுமே பார்க்கிறவர் என்றால் மண்ணுத்தி கால்நடைக் கல்லூரியில் கேளுங்கள், இல்லை உடுமலைப்பேட்டைக் கல்லூரி உங்களுக்கு ஒன்றும் தூரமில்லை. அப்படியே பல்லை வைத்து வயதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். மூன்றரை என்று விற்றது இரண்டரையாக இருந்தால் நான் கீழே சொல்லும் எல்லாவற்றையும் ஒரு வருஷம் தள்ளிப்போட வேண்டும். இன்னொன்று, தனுர்வாதத் தடுப்பூசி போட்டதா என்று தெரியவில்லை என்றால் போடவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு விலங்குகளில் அந்த நோய்க்குக் குதிரை மாதிரி எளிதில் பலியாவது எதுவும் இல்லை. நாலு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு ஊசி, அப்புறம் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ஒன்று.

முள் கடிவாளம் போட்டால் அடங்கும் என்று உங்களுக்கு யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். சுமை விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு வதைத்தடுப்பு விதிகளிலேயே முள்ளோ முனையோ வைத்த கடிவாளத்துக்குத் தடை இருக்கிறது. சட்டம் கிடக்கட்டும், வலியால் கால் தூக்கும் குதிரைக்கு வலியைக் கூட்டினால் அது பின்னால் மல்லாந்து விழும். மேலே இருப்பவர் அதன் அடியில் இருப்பார்.

அடுத்தது தீனி. ஒரு நாளைக்கு எவ்வளவு கொள்ளு வைக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் நம் பக்கத்துப் பழக்கம் எனக்குத் தெரியும்: குதிரை வாங்கிய சந்தோஷத்தில் வேகவைத்த கொள்ளு, மக்காச்சோளம், கோதுமைத் தவிடு, வெல்லம் எல்லாம் அள்ளி வைத்து, நாள் முழுக்கக் கட்டிப்போட்டு, சாயங்காலம் அரைமணி நேரம் ஏறுவார்கள். அந்த அரைமணியில் அது துள்ளாமல் என்ன செய்யும்? வேலை இல்லாத இளங்குதிரைக்கு முக்கியத் தீனி புல்தான். உலர்ந்த கணக்கில் உடம்பு எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு, அதாவது 320 கிலோ குதிரைக்குத் தினம் ஐந்து ஆறு கிலோ, அதையும் நாள் பூராவும் கொஞ்சம் கொஞ்சமாக. குதிரையின் வயிற்றில் அமிலம் நிற்காமல் சுரந்துகொண்டே இருக்கும். மணிக்கணக்கில் வெறும் வயிற்றோடு நின்றால் புண் வரும், அந்த எரிச்சலும் கடியாக வெளியே வரும். நம் தோட்டங்களில் எளிதாகக் கிடைப்பது கோ ரகத் தீவனப்புல். மாட்டுக்கு அது சரி. குதிரைக்கு அது ஒன்றையே வருஷக்கணக்கில் போட்டால் அதில் இருக்கும் ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிவிடும், கூடவே தவிடும் அதிகமானால் எலும்பு கெட்டு முகம் வீங்கும் அளவுக்குக் கூடப் போகும். அருகம்புல், உலர்ந்த புல் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். குதிரைமசால் நம் கோவைப் பக்கம் பயிரிடுகிறார்கள், அதில் சுண்ணாம்புச் சத்து நிறைய. தினம் கொஞ்சம் சேருங்கள், அதிகம் வேண்டாம். கொள்ளைப் பாதிக்கு மேல் குறைத்துவிட்டு இரண்டு வாரம் பாருங்கள். பாதித் துள்ளல் அதிலேயே போய்விடும் என்று நினைக்கிறேன். எதைக் கூட்டினாலும் குறைத்தாலும் ஒரு வாரத்தில் மெதுவாகச் செய்யுங்கள். குதிரைக்கு வாந்தி வராது, வயிற்றில் தப்பாகப் போனது வயிற்றுவலியாகத்தான் முடியும்.

கட்டிப்போடுவதை நிறுத்துங்கள். முன்னால் கழுத்தில் ஒரு கயிறு, பின்னங்காலில் ஒரு கயிறு என்று இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டுவது வடக்கிலிருந்து வந்த வழக்கம். போர்ப்பாசறையில் நூறு குதிரைகளை வரிசையாக நிறுத்த அது தேவைப்பட்டிருக்கும், உங்கள் தோப்பில் எதற்கு? ஒரு மூலையை அடைத்து அவிழ்த்து விடுங்கள். தென்னந்தோப்பு என்பதால் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். சொட்டுநீர்க் குழாய் தரைக்கு மேலே ஓடினால் காலில் சிக்கும், புதைத்துவிடுங்கள் அல்லது அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். முள்கம்பி வேலி குதிரையின் எமன், தோலை மட்டும் கிழிக்காது, நரம்பு வரை அறுத்துவிடும். உள்பக்கம் மூங்கில் தடி கட்டி அது கண்ணுக்குத் தெரியும்படி செய்யுங்கள். காய் விழும் மரத்தடியில் தண்ணீர்த் தொட்டி வைக்காதீர்கள். அப்புறம், குதிரை கூட்டமாக வாழும் பிராணி. தனியாக இருப்பதே அதற்குப் பயம். இன்னொரு குதிரை வாங்க முடியாவிட்டால் ஓர் ஆடாவது, கன்றாவது பக்கத்தில் இருக்கட்டும். வாசலைத் தாண்ட மறுக்கும் குதிரைகளில் பாதி, தனிமைக்குப் பயந்துதான் மறுக்கின்றன.

சரி, இப்போது பழக்கும் விஷயத்துக்கு வருவோம். நான் சொல்லப்போவதில் இதை மட்டும் நீங்கள் பிடித்துக்கொண்டாலும் எனக்குப் போதும்: குதிரைக்குப் பாடம் ஏறுவது, நீங்கள் கையைத் தளர்த்தும் அந்த நொடியில். கயிற்றை இழுக்கும்போது அதற்குப் புரிவது ‘ஏதோ தொந்தரவு’ என்பது மட்டும்தான். தலையை ஆட்டிப் பார்க்கும், முன்னால் தள்ளிப் பார்க்கும், பின்னால் ஒரு அடி வைத்துப் பார்க்கும். எதைச் செய்தபோது தொந்தரவு நின்றதோ அதுதான் விடை என்று எடுத்துக்கொள்ளும். அது விடை என்று நீங்கள் நினைத்தீர்களா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. ஆகவே பின்னால் ஒரு அடி வைத்ததும் அந்த நொடியே கயிறு தொய்ய வேண்டும். ஒன்றிரண்டு விநாடி தாமதித்தால் அதற்குள் அது வேறு ஏதாவது செய்திருக்கும், அதற்குத்தான் நீங்கள் பரிசு கொடுத்தவராவீர்கள்.

இந்தக் கணக்கை வைத்து உங்கள் குதிரையைப் பாருங்கள். வாரை இழுத்தீர்கள், நின்றது. நின்ற பிறகும் பயத்தில் பிடியை விடவில்லை. நின்றும் விடவில்லையே என்று தலையைத் தூக்கியது, அப்போதும் விடவில்லை. முன்னங்காலைத் தூக்கியது, நீங்கள் விழுந்துவிடுவோம் என்று வாரை விட்டுவிட்டுப் பிடரியைப் பிடித்தீர்கள். காலைத் தூக்கினால் வாய்க்கு விடுதலை என்ற பாடம் அங்கே ஏறிவிட்டது. வாசலில் நின்று அடம் பிடித்தது, கொஞ்ச நேரம் போராடிவிட்டு இறங்கிக் கொட்டிலுக்கே நடத்திக்கொண்டு போனீர்கள். வாசலில் அடம் பிடித்தால் வேலை முடியும் என்பது இரண்டாவது பாடம். திமிர் என்று எதுவும் இதில் எனக்குத் தெரியவில்லை. ரொம்ப வேகமாகக் கற்கிற, புத்திசாலியான ஒரு குட்டிதான் தெரிகிறது. அதே வேகத்தில் நல்லதையும் கற்கும்.

தரையில் தொடங்குங்கள். வாய்க்குள் இரும்பே வேண்டாம், வெறும் ஹால்டர் (தலையில் மாட்டும் கயிற்றுப் பட்டை), அதில் பன்னிரண்டு அடி நீளத்துக்குத் தடிமனான பருத்திக் கயிறு. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது, மடித்துப் பிடியுங்கள். மாட்டுக் கயிற்றைச் சுற்றிப் பிடிக்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது, குதிரை ஒரு தாவு தாவினால் விரல் போய்விடும். காலையில் கால்மணி, மாலையில் கால்மணி, அதற்கு மேல் இளங்குதிரையின் மனது நிற்காது. நான்கு காரியம் போதும்: நீங்கள் நடந்தால் நடப்பது, நின்றால் நிற்பது, மார்பில் விரல் வைத்தால் பின்னால் போவது, விலாவில் விரல் வைத்தால் பின்பாகத்தை அந்தப் பக்கம் நகர்த்துவது. கடைசியில் சொன்னதுதான் எல்லாவற்றிலும் பெரியது. பின்னங்கால்தான் குதிரையின் எஞ்சின். பின்பாகத்தை நீங்கள் சொன்ன பக்கம் நகர்த்தும் குதிரையால் அதே சமயம் தாவி ஓடவும் முடியாது, எழுந்து நிற்கவும் முடியாது. முதலில் லேசாகத் தொடுங்கள், கேட்கவில்லையா, கொஞ்சம் அழுத்துங்கள், இன்னும் கேட்கவில்லையா, விரலால் தட்டிக்கொண்டே இருங்கள், ஒரு கால் நகர்ந்ததும் எல்லாம் நின்றுவிட வேண்டும். இடதுபக்கம் கற்றது வலதுபக்கம் அப்படியே வந்துவிடாது, இரண்டு பக்கமும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். நில் என்பதற்கு வீட்டில் எல்லோரும் ஒரே சத்தம் போடுங்கள். உங்கள் தோப்பில் ஒருவர் தமிழ், ஒருவர் மலையாளம், வேலைக்கு வந்த வடக்கத்திப் பையன் இந்தி என்று ஆளுக்கொன்று சொன்னால் அது எதையும் கேட்காது. ‘ஹோ’ என்று இழுத்துச் சொல்வது எல்லோருக்கும் பொது.

கடிப்பதற்கு அடிக்காதீர்கள், முகத்தில் அடிக்கவே கூடாது. வலிக்குப் பயந்து கையைக் கண்டாலே தலையைப் பின்னால் இழுக்கும், அப்புறம் கடிவாளம் மாட்டுவதே போராட்டமாகும். இந்த வயது ஆண்குட்டிகள் ஒன்றையொன்று கடித்துத்தான் விளையாடும், உங்களையும் ஒரு குட்டியாக நினைக்கிறது. கையால் வெல்லம் ஊட்டுவதை நிறுத்துங்கள், தட்டில் வையுங்கள். முகத்தைக் கொண்டுவந்து உரசும் முன்பே ஒரு கை நீளத்துக்கு அந்தப் பக்கம் தள்ளிவைத்துப் பழகுங்கள். கடிக்க வாய் திறக்கிறதா, உடனே சுறுசுறுப்பாக நாலைந்து அடி பின்னால் போக வையுங்கள், போனதும் ஒன்றும் நடக்காதது போல் இருங்கள். கோபத்தை நீட்டக் கூடாது. மூன்று விநாடிக்கு மேல் நீளும் கோபம் எதற்கு என்று குதிரைக்குத் தெரியாது.

காயடிப்பதைப் பற்றியும் பேசிவிடுகிறேன், பலருக்குப் பிடிக்காத பேச்சுதான். உங்களுக்கு இனவிருத்தி செய்யும் எண்ணம் இல்லை என்றால் காயடித்துவிடுங்கள். வீரம் போய்விடும், எலும்பு வளராது என்பதெல்லாம் சும்மா. உலகம் முழுக்கச் சவாரிக்கு வைத்திருக்கும் ஆண்குதிரைகளில் பெரும்பாலானவை காயடித்தவைதான், படைகளிலும் அப்படித்தான். காயடித்ததும் மறுநாளே மாறிவிடாது, ஹார்மோன் அடங்கச் சில வாரங்கள் ஆகும், அதற்குள் படிந்த பழக்கம் தானாகப் போகாது. ஆனால் திருவிழாக் கூட்டத்தில் எங்கோ ஒரு பெண்குதிரை நிற்கும் வாசம் வந்ததும் உங்களை மறந்துவிடும் பொலிக்குதிரை மேல் புது ஆள் உட்காருவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

இதற்கிடையில் நீங்கள் வேறொரு பழைய குதிரையில் கற்க வேண்டும். கோவையில் சவாரி சொல்லித்தரும் இடங்கள் இருக்கின்றன. முதல் சில வாரங்கள் வட்டத்தில் ஓர் ஆள் நீளக்கயிறு பிடித்து ஓட்ட, நீங்கள் கையில் வாரே இல்லாமல், அங்கவடியில் (சேணத்தில் தொங்கும் கால் வளையத்தில்) கால் வைக்காமல் உட்காரப் பழகச் சொல்லுங்கள். சலிப்பாக இருக்கும். ஆனால் விழாமல் இருக்க வாரைப் பிடித்துத் தொங்கும் வரை உங்கள் கை எந்தக் குதிரைக்கும் நேரத்தில் தளராது. சமநிலை தொடையிலும் இடுப்பிலும் வந்த பிறகுதான் கை உங்கள் வசப்படும். நம் பையன்கள் சாக்கைப் போட்டு வெறும் முதுகில் ஏறிப் பழகுகிறார்கள், அதில் சமநிலை நன்றாக வரும், மறுக்கவில்லை. என்ன, முழங்காலால் இறுக்கிப் பிடிக்கும் பழக்கமும் கூடவே வரும், துடிப்பான குதிரைக்கு இறுக்கினால் ‘ஓடு’ என்று அர்த்தம். மூச்சை அடக்காதீர்கள். பார்வை போக வேண்டிய இடத்தில் இருக்கட்டும், குதிரையின் காதில் அல்ல. சவாரிக்கென்று செய்த ஹெல்மெட் வாங்குங்கள். செருப்போடு அங்கவடியில் கால் வைக்கவே வைக்காதீர்கள், குதிகால் உள்ள ஷூ வேண்டும், இல்லையென்றால் பாதம் உள்ளே நுழைந்து மாட்டிக்கொள்ளும், விழுந்தால் இழுத்துக்கொண்டே போகும்.

உங்கள் குட்டி மேல் ஏறும் நாள் எப்போது? தரையில் நான்கு காரியமும் சத்தமில்லாமல் செய்கிறது, பல் சரியாகிவிட்டது, சேணம் வைத்து வயிற்றுவார் கட்டினால் முதுகைக் கூன்போடாமல் நிற்கிறது, அப்போது. முதுகெலும்பின் வளர்ச்சி முடிய ஐந்தரை வயதுபோல ஆகும், கால் எலும்பு அதற்கு முன்பே முடிந்துவிடும், அதனால் கால் உறுதியாக இருக்கிறதே என்று முதுகில் அதிகப் பாரம் ஏற்றக் கூடாது. வளர்ந்த குதிரைக்கே சேணத்தோடு சேர்த்து உடம்பு எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் சொல்வார்கள். 320 கிலோவுக்கு அது 64 கிலோ. நீங்கள் அதற்கு மேல் என்றால் முதல் ஏற்றத்துக்கு மெலிந்த, அனுபவமுள்ள ஒருவரை ஏற்றுங்கள், நீங்கள் கீழே கயிறு பிடியுங்கள். ஒருவர் முதலில் வயிற்றைக் குறுக்கே போட்டுச் சாய்ந்து இறங்குவது, அப்புறம் காலைப் போட்டு உட்கார்ந்து இறங்குவது, அப்புறம் நாலு அடி நடப்பது. முதல் மாதம் முழுக்க நடை மட்டும், பத்துப் பதினைந்து நிமிடம், மூங்கில் கட்டிய ஐம்பது அறுபது அடி வட்டத்துக்குள், மணல் கலந்த தரையில்.

ஏறியதும் சொல்லித்தர வேண்டிய முதல் விஷயம் ஒற்றை வாரில் நிற்பது. இரண்டு வாரையும் சேர்த்து இழுத்தால் அது உங்களை விடப் பலசாலி, கழுத்தை நீட்டி இழுத்துக்கொண்டு போகும். ஒரு பக்க வாரை மட்டும் மெதுவாக உங்கள் முழங்காலை நோக்கிக் கொண்டுவாருங்கள், தலை திரும்பும், பின்பாகம் எதிர்ப்பக்கம் நகரும், கால்கள் நிற்கும், நின்றதும் வாரை விடுங்கள். நின்ற இடத்திலும் நடையிலும் ஆயிரம் தடவை இதைச் செய்திருந்தால்தான் பயந்து ஓடும்போது கைகொடுக்கும். ஆனால் முழு ஓட்டத்தில் வெடுக்கென்று இழுத்தால் கால் பின்னி இரண்டு பேரும் உருளுவீர்கள். அந்த வேகத்தில் பெரிய வட்டமாகத் திருப்பி, வட்டத்தைச் சின்னதாக்கிக்கொண்டே வர வேண்டும். முன்னங்காலைத் தூக்கிவிட்டால் வாரை உடனே தளர்த்தி, முன்னால் சாய்ந்து கழுத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், கால் தரைக்கு வந்ததும் உடனே தலையை ஒரு பக்கம் திருப்பி நடக்க வையுங்கள். இப்போது வார் தளர்ந்தது காலைத் தூக்கியதற்குக் கிடைத்த பரிசாக மாறாமல் இருக்க, இறங்கிய உடனேயே வேலை கொடுப்பது முக்கியம். ஆனால் நின்று எழும் பழக்கம் நன்றாக ஊறிய குதிரை என்றால் அதை நீங்கள் சரிசெய்யப் பார்க்காதீர்கள், தெரிந்தவரிடம் காசு கொடுத்து விடுங்கள்.

வாசல் விஷயத்துக்கு நான் சொல்லும் வழி வேடிக்கையாகத் தோன்றலாம், வேலை செய்யும். சாளைக்குப் பக்கத்தில் வேலை, வாசலுக்கு வெளியே ஓய்வு. வாசலுக்கு உள்ளே வட்டம் போடு, திரும்பு, நில், நட என்று சளைக்காமல் வேலை கொடுங்கள். வாசலை நோக்கி அதுவாக ஒரு அடி வைத்தால் வாரைத் தொய்யவிட்டுச் சும்மா இருங்கள். தாண்டி வெளியே இட்டேரியில் (வேலிகளுக்கு நடுவே போகும் மண்பாதையில்) நாலு அடி வைத்ததும் இறங்கி, வயிற்றுவாரைத் தளர்த்தி, அங்கேயே நிழலில் நிறுத்தி, பச்சைப்புல் ஒரு பிடி அங்கே வையுங்கள். திரும்பி வரும்போது சேணத்தைக் கழற்றித் தீனி போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், வந்ததும் இன்னும் கொஞ்சம் வேலை. வீட்டுப் பக்கம் முகம் திரும்பிய பிறகு நடை தவிர வேறு எதுவும் ஒரு நாளும் கூடாது. சந்தோஷமாக வீட்டுக்கு ஒரு ஓட்டம் விடும் பழக்கம்தான் கைக்கு அடங்காத குதிரையை உண்டாக்குகிறது.

நம் ஊர்க் காற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் தென்னை மட்டை ஓயாமல் இரைச்சல் போடும், குதிரைக்கு வரும் சத்தம் எது போகும் சத்தம் எது என்று பிரிக்க முடியாது, வாசமும் நிலைக்காது. அதற்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும், நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும்தான் மறைவு. அசையும் எதையும் விடாமல் பார்க்கும் கண்ணுக்குத் தோப்பு முழுக்க ஆடினால் எப்படி இருக்கும்? பலமாகக் காற்றடிக்கும் நாளில் ஏறாதீர்கள், தரை வேலை செய்யுங்கள். பங்குனி சித்திரை வெயிலில் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். வேலை முடிந்ததும் தண்ணீர் குடிக்க விடலாம், உடம்பு சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது தவறு, மூச்சு இறங்கும் வரை ஊற்றிக்கொண்டே இருங்கள். நாளொன்றுக்கு இருபத்தைந்து முதல் ஐம்பது லிட்டர் குடிக்கும், வியர்வையில் உப்பு நிறையப் போவதால் தினம் முப்பது கிராம் உப்பு வையுங்கள்.

கடைசியாக, தத்தமங்கலம் வேலைத் திருவிழா. அடுத்த தடவை அந்த ஓட்டத்தில் இந்தக் குட்டியை விடக் கூடாது, இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. இரண்டு பக்கமும் ஆள் நெருக்கி நிற்கும் ரோட்டில், செண்டை, வெடி, யானை வாசம் எல்லாவற்றுக்கும் நடுவில், வெறும் முதுகில் முழு வேகத்தில் ஓட்டுவது. தார் ரோட்டில் லாடம் வழுக்கும். முதுகெலும்பு முற்றாத குதிரைக்கும் சரி, ஒரு வருஷச் சவாரி ஆளுக்கும் சரி, நிற்கிற ஜனங்களுக்கும் சரி, அது ஆபத்து. ஐந்தரை வயது தாண்டட்டும், அப்போது உங்களுக்கே அந்த ஆசை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். அதுவரை சத்தத்துக்குப் பழக்குங்கள். போனில் செண்டை மேளத்தைச் சின்னதாக வைத்துத் தீனி நேரத்தில் தூரத்தில் ஒலிக்கவிட்டு, காதை அசைக்காமல் தின்னும்போது ஒரு படி கூட்டலாம். தலையைத் தூக்கினால் ஒரு படி குறைத்துவிடுங்கள். வாளையாறு ரோட்டு லாரிகளுக்கும் இதே முறை, தூரத்தில் நின்று பார்க்கவிட்டு, தலை தாழ்ந்ததும் அங்கிருந்து விலகிக் கூட்டிப் போங்கள்.

முதலில் டாக்டரை வரச் சொல்லி வாயைப் பாருங்கள், கொள்ளைக் குறையுங்கள், அவிழ்த்து விடுங்கள். ஓநாய்ப்பல் இருந்ததா, வயது எவ்வளவு என்று சொன்னார், முதுகில் அழுத்தினால் ஒதுங்குகிறதா என்று எழுதுங்கள். எந்தக் கடிவாளம், எந்தச் சேணம் என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரை இரண்டையும் வாங்காதீர்கள்.